எரிகிறேன் என்றது பிரிண்டர்

அத்தியாயம் 4

“பிளக்கைப் புடுங்கித் திரும்பச் செருகுறவன் இருக்கானே, அவன் மனுஷ குலத்துக்கே எதிரி.”

துப்பறியும் கன்னையா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. தே தாரேக் தேநீரில் விழுந்திருந்த ஈயை விரலால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு மிச்சத்தைக் குடித்தார்.

“மெஷின் நின்னு போச்சுன்னா அது ஒரு வாக்குமூலம், ரெங்கா. அதைக் கேட்கத் தெரியாதவன்தான் பிளக்கைப் புடுங்குவான். கொலை நடந்த ரூமைச் சோப்பு போட்டுக் கழுவுற மாதிரி. என் சர்வீஸ்ல இந்தக் கை ஒரு பிளக்கைத் தொட்டதில்ல.”

“பில்லு கட்டாதப்பகூட நீங்க தொடல, பாஸ். அவனே வந்து கரண்டை வெட்டிட்டுப் போனான்.”

மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருஷம் அது. விழுந்த மறுமாதமே கிள்ளான் பள்ளத்தாக்கின் கணவன்மார்கள் எல்லாரும் திருந்திவிட்டார்கள். சின்ன வீட்டுக்கும் முதலீடு வேண்டுமே. பின்தொடர ஆளில்லாமல் போன கன்னையா, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலிருக்கும் எங்கள் அலுவலகப் பலகையில், ‘ரகசிய விசாரணை’க்குக் கீழே ‘கம்ப்யூட்டர் பழுது’ என்று சேர்த்து எழுதினார். இரண்டும் ஒரே தொழில் என்பது அவர் கட்சி. இரண்டிலும் வீட்டுக்காரர்கள் பொய்தான் சொல்வார்கள்.

நான் ரெங்கசாமி. அவருடைய உதவியாளன். சம்பளம் வராத மாதங்களில் நண்பன்.

தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

“சார், பிரிண்டர் ஒண்ணு,” என்றது ஒரு பெண் குரல்.

“கெட்டுப்போச்சா?”

“இல்ல. யாரோ கெடுத்திருக்காங்க.”

கன்னையா காலை மேசையிலிருந்து இறக்கினார்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். புது ரயில் நிலையத்துக்குக் அஸ்திவாரக் கம்பம் இறக்கும் சத்தத்தில் அந்த வரிசை வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. வாசலில் நின்றவள் புனிதவதி, தொலைபேசியில் பேசியவள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்குத்தான் கல்யாணம்.

“இன்னைக்கு ஆனி கடைசி நாள், சார். விடிஞ்சா ஆடி. என் வருங்கால மாமியார் கிள்ளான்லேருந்து நாலு மணிக்கு வராங்க. மொத பத்திரிகையை வாங்கிட்டுப் போயி, அவங்க கோயில்ல பிள்ளையார் காலடியில வைக்கணும். ஆடி பொறந்துட்டா பத்திரிகையைத் தொடவே மாட்டாங்க.”

“ஆவணியில வச்சுக்கிறது,” என்றேன்.

“கல்யாணமே ஆவணி மொத முகூர்த்தம்.”

“அச்சகத்துல கொடுத்திருக்கலாமே?” என்றார் கன்னையா.

“கொடுத்திருந்தோம். நான்தான் வேணாம்னு நிறுத்தினேன். வீட்டுலயே அழகா அடிச்சுத் தரேன்னு.” இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை, வாசல் கம்பிக் கதவிடம் சொன்னாள். “டிஸ்கெட்டைப் பிரிண்ட் எடுக்கிற கடைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டேன். அவங்ககிட்ட அந்தத் தமிழ் எழுத்து இல்ல. பிள்ளையார் பேரு கொக்கி கொக்கியா வருது.”

கூடத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர். புனிதவதியின் அறையிலும் பெரியப்பாவின் அறையிலும் வேறு கம்ப்யூட்டர்கள். அவளுடையதில் பிரிண்டர் மாட்டும் வாய் போன இடியில் செத்துவிட்டது. அதனால் மாப்பிள்ளை வாசு, நிச்சயத்துக்கு மோதிரத்தோடு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். வீட்டில் யார் எதை அச்சடித்தாலும் அது கம்பி வழியாக இங்கே வந்து வரிசையில் நின்று, இந்தப் பிரிண்டரில் வெளியே வரும். வாசு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குள் இரட்டை ஷிப்டில் இருந்தான். பேஜருக்குப் பதில் இல்லை.

கம்ப்யூட்டரின் நெற்றியில் வாசுவின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அணைக்காதே. பொங்கலிலிருந்து ஓடுகிறது.’

கன்னையா அதை இரண்டு முறை படித்தார். “மாப்பிள்ளை மனுஷன்,” என்றார்.

“பிளக்கைக் கழட்டிப் பூட்டிப் பாத்தனீங்களோ?”

சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. பெரியப்பா தம்பு. யாழ்ப்பாண வழிக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பனியன், வேட்டி, முகத்துக்கு நேரே செய்தித்தாள். கன்னையா அவரைப் பார்த்த பார்வை, செருப்பில் ஒட்டிய சூயிங்கத்தைப் பார்க்கிற பார்வை.

“சார், இது லினக்ஸ். இதை அணைச்சுப் போடுறது, கர்நாடகக் கச்சேரி நடுவுல எழுந்து போயி சுருதிப் பெட்டியை உதைக்கிற மாதிரி.”

“நல்ல லினக்ஸ். காசு குடுக்காமல் எடுத்ததாம். ஓசியில வந்த சாமானும் ஓசியில வந்த சம்பந்தமும் இப்பிடித்தான்.”

“பெரியப்பா,” என்றாள் புனிதவதி.

“நான் பிரிண்டரைச் சொன்னனான்.”

சந்தேக நபர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று கன்னையா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உட்கார்ந்து விசைகளைத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஒரு வரியில் நின்றன. அந்த வரியை அவர் உரக்க மொழிபெயர்த்தார். “பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது.”

சமையலறையிலிருந்து புனிதவதியின் அம்மா தங்கரத்தினம் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பாதி வழியில் நான் பிடித்துக்கொண்டேன். மிச்சம் என் சட்டையில்.

பிரிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். கடன் கேட்டுப் போனவனுக்கு வங்கி மேனேஜர் கொடுக்கும் கை மாதிரி ஜில்லென்று இருந்தது.

“எரியல, பாஸ்.”

“எரியாதுடா. இதான் வாக்குமூலம். பேப்பர் தீர்ந்திருந்தா பேப்பர் தீர்ந்துச்சுன்னு சொல்லும். பிரிண்டரை அணைச்சிருந்தா அணைஞ்சிருக்குன்னு சொல்லும். ரெண்டும் இல்லாம, என்னமோ கோளாறு, ஆனா என்னன்னு புரியலைன்னா, எரியுதுன்னு சொல்லிடும். இதை எழுதினவன் ஒரு குசும்புக்காரன். ஆக, பேப்பர் இருக்கு. கரண்டு இருக்கு. அப்ப கோளாறு எங்க?”

“வாயில,” என்றேன்.

“தொற.”

மூடியைத் திறந்தேன். திறந்த பாவத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உள்ளே இருந்த ரப்பர் உருளையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. ஓரத்தில் காய்ந்து வெடித்து, உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. அதில் ஒரு கரப்பான்பூச்சியின் மீசை நின்றுகொண்டிருந்தது, பூச்சியைக் காணோம். கெரோப்போக் வறுவலின் தூள், ஒரு நீள முடி. பல்லிடுக்கு போன்ற சந்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு அட்டைகள், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். கல்யாணப் பத்திரிகை அடிக்க வைத்திருந்த தங்கக் கரை அட்டைகள். வாசனை வேறு. ஈரத் துணியும் ரசமும் கலந்த மாதிரி.

கன்னையா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “பருப்பு,” என்றார் துணிக்குள்ளிருந்து.

எல்லார் கண்களும் தம்புவின் வலது கைக்குப் போயின. மதியச் சாப்பாட்டின் மஞ்சள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

கன்னையா திரைக்குத் திரும்பினார். வரிசையில் காத்திருக்கும் வேலைகளைக் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே தம்புவின் பெயர். அதற்குக் கீழும் தம்பு. அதற்குக் கீழும். சாக்கடை அடைப்பு பற்றித் தெருவாசிகளுக்கு ஓர் அறிவிப்பு. அதே அறிவிப்பு, திரை கொள்ளாமல். அடியில் எங்கோ, நசுங்கிப்போய், கல்யாணப் பத்திரிகை.

“வழியை மறிச்சிருக்காரு,” என்றார் கன்னையா எழுந்து நின்று. “வரிசையில முன்னாடி நின்னுக்கிட்டு, சோத்துக் கையோட உருளையையும் தடவியிருக்காரு. ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கல்யாணம் நிக்கணும்னு யாருக்கு ஆசை?”

“எனக்குத்தான்,” என்றார் தம்பு, செய்தித்தாளை மடித்துக்கொண்டே. “அவையள் ஆரெண்டு தெரியாது, ஊர் தெரியாது, எனக்குப் பிடிக்கேல்லை. இதை நான் முகத்துக்கு நேரே சொல்லுவன். பிரிண்டருக்குச் சோறு தீத்திக் கல்யாணத்தைக் குழப்புறதுக்கு நான் என்ன விசரனோ? காலமையில இருந்து தட்டுறன், என்ரை நோட்டீசும்தான் வரேல்லை. வராதபடியால்தான் திருப்பித் திருப்பித் தட்டினன்.”

கன்னையாவின் முகம் தொங்கியது. கேட்டில் கார் ஹாரன் கேட்டது.

நாலு மணிக்கு வர வேண்டியவர் மூன்றுக்கே வந்துவிட்டார். சீதாலெட்சுமி அம்மாள், மாப்பிள்ளையின் தாயார். பட்டுச்சேலை, ஒரு தட்டு பழம், நெற்றியில் ரூபாய்க் காசளவு குங்குமம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம் ஆகுமே என்று முந்திக்கொண்டாராம். கூடத்தில் திறந்து கிடந்த பிரிண்டரைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார்.

“என்னம்மா இது, பூனை வாந்தி எடுத்திருக்கா?”

தங்கரத்தினம் அம்மாள் வாளியோடு சுவரோரம் ஒதுங்கினார். ஒரு கை வாளியில். இன்னொரு கை முந்தானைக்குள். அதைக் கன்னையா கவனித்தார். கவனித்ததை நான் கவனித்தேன், ஏனென்றால் அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

“ரெங்கா, அந்த உருளையை மறுபடி பாரு. மஞ்ச எங்க இருக்கு?”

“எனக்கு வேற பாவம் ஒண்ணும் பாக்கி இல்லையா, பாஸ்?”

“பாருடா.”

பார்த்தேன். “ரெண்டு ஓரத்துலயும். நடுவுல சுத்தமா இருக்கு.”

“சோத்துக் கை அப்படிப் படுமா? நடுவுலதான் அப்பும். இப்ப அந்த ஒட்டின அட்டையைப் பிரி.”

பிரித்தேன். சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அட்டையின் நான்கு மூலைகளிலும் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, குழைத்த மஞ்சள்.

“இப்பக் குப்பைக் கூடை.”

கூடையில் ஆரஞ்சுத் தோலுக்கடியில் கசங்கிய ஒரு பத்திரிகை. நேற்று சோதனைக்கு அடித்த முதல் பிரதி, என்றாள் புனிதவதி. அதன் மூலைகளிலும் மஞ்சள். ஆனால் மேல் வரியில் பிள்ளையார் பெயர் கறுப்பும் மஞ்சளுமாகக் கரைந்து வழிந்திருந்தது.

கன்னையா கூடத்தின் நடுவுக்கு வந்தார். இந்த இடத்தில் அவர் குரல் எப்போதும் இரண்டு கட்டை இறங்கும்.

“இந்த வீட்டுல ஒருத்தங்க, மொத பிரதியில முறைப்படி மஞ்ச வச்சாங்க. மை காயல. சாமி பேரு கரைஞ்சுபோச்சு. பயந்துட்டாங்க. சொன்னா சகுனம் சரியில்லைம்பாங்கன்னு, கசக்கிக் கூடையில போட்டுட்டாங்க. அப்புறம் உக்காந்து யோசிச்சாங்க. நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. மை மேல மஞ்ச வச்சாத்தானே கரையுது? மொதல்ல மஞ்சளை வச்சுட்டு, அதுக்கு மேல மையைப் போட்டா? அதனால வெத்து அட்டைக்கெல்லாம் நாலு மூலையிலயும் அப்பி, ஈரத்தோட அடுக்கி, பிரிண்டருக்குள்ள வச்சிட்டாங்க. இந்தக் கல்யாணம் நிக்கணும்னு நெனச்சவங்க இல்ல. நடக்கணும்னு ரொம்ப நெனச்சவங்க.”

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. விரல்கள் ஐந்தும் மஞ்சள்.

“எங்கட வீட்டில நான் இது செய்து பழகேல்லை,” என்றார் தங்கரத்தினம் அம்மாள். சம்பந்தியைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துப் பேசினார். “உங்கட பக்கம் மஞ்சள் இல்லாத பத்திரிகையைக் கையாலயும் தொடமாட்டினம் எண்டு ஆரோ சொன்னவை. உங்களிட்டக் கேக்க வெக்கமாக் கிடந்தது. ஒண்டும் தெரியாத குடும்பம் எண்டு நினைப்பியள் எண்டு.”

“அம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் புனிதவதி.

“நீ அச்சகத்தை வேண்டாமெண்டு சொல்லேக்க என்னட்டக் கேட்டனியோ?”

வெளியே கம்பம் ஒன்று பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பு பெரியப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி, நாடகம் பார்க்கும் முகத்தோடு, சீதாலெட்சுமி அம்மாள் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்.

சீதாலெட்சுமி அம்மாள் ஒட்டிய அட்டையை இரண்டு விரலால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சம்பந்தி, நீங்க மஞ்ச தடவுனது பத்திரிகைக்கா, பொரிக்கிற மீனுக்கா?”

தங்கரத்தினம் அம்மாளின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். சிரிப்பு.

“குழைக்கக் கூடாதுங்க. பொடியைத் தொட்டு வச்சாப் போதும், லேசா. நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கும் தெரியாது. எங்க மாமியாரு எல்லாரும் பாக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அதை விடுங்க. எனக்கு ஒரு கார்டு போதும். ஒண்ணே ஒண்ணு. கோயில் நடை சாத்துறதுக்குள்ள நான் கிள்ளான் போயிச் சேரணும்.”

தம்பு செய்தித்தாளை மறுபடி முகத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

சுத்தம் செய்யும் பொறுப்பு, அருவருப்பான எல்லாப் பொறுப்புகளையும் போல, உதவியாளனுடையது. தம்புவின் ஓடிக்கொலோன் வாசனைத் திரவப் புட்டியைப் பறித்து, பஞ்சு பஞ்சாக நனைத்து உருளையைத் துடைத்தேன். கரப்பானின் மீசை என் விரலோடு வந்தது. கட்டின் அடியில் மஞ்சள் படாத அட்டைகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன, அவற்றை வைத்தேன். கன்னையா வரிசையிலிருந்த சாக்கடை அறிவிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினார்.

“அது பொதுநலம்,” என்றார் தம்பு.

“கரைஞ்சு போச்சு, ஐயா,” என்றார் கன்னையா. “தங்கச்சி, பத்திரிகையை அனுப்பும்மா.”

புனிதவதி அறைக்குள் போய் அனுப்பினாள். கூடத்தில் எல்லாரும் பிரிண்டரைப் பார்த்தோம். பிரிண்டர் எங்களைப் பார்த்தது.

திரையில் அதே வரி. எரிகிறது.

கன்னையாவின் விரல்கள் வேகமாயின. வரிசையை நிறுத்தினார், மறுபடி திறந்தார். மறுபடி அனுப்பச் சொன்னார். பெயர் தெரியாத எதையோ கொன்றார், மறுபடி பிறக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் அறைக்குள் புனிதவதி ஒரு தட்டுத் தட்டினாள். ஒவ்வொரு முறையும் இங்கே பற்றி எரிந்தது. உருளை கண்ணாடியாய் மின்னியது. குற்றவாளி ஒப்புக்கொண்டாயிற்று, தடயம் அழிந்தாயிற்று. ஆனாலும் பிணம் எழுந்திருக்கவில்லை.

சீதாலெட்சுமி அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகக் காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் மறுநாள் ஆடி ஒன்று. அதையும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளத் தரையைப் பார்த்தார். புனிதவதி அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

“நான் வாசுகிட்ட என்ன சொல்லுவேன்?” என்றாள்.

“பிளக்...” என்று ஆரம்பித்தார் தம்பு.

“ஐயா,” கன்னையா கையை உயர்த்தினார், “பொம்பளைங்க இருக்காங்க. கண்ணியமாப் பேசுங்க.”

கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு எல்லாரையும் தேநீர் குடிக்கச் சமையலறைக்குப் போகச் சொன்னார். “எனக்குத் தனிமை வேணும். தடயங்களை மனசுக்குள்ள ஒரு தடவை வரிசைப்படுத்திப் பாக்கணும். ரெங்கா, நீயும் போ.”

போனேன். சமையலறை வாசலின் மணிமாலைத் திரை வரைக்கும்.

கன்னையா இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கைக்குட்டையை உதறி, வாசு ஒட்டியிருந்த தாள்மேல் விரித்தார், சாமிப் படத்தின் கண்ணை மறைக்கிற மாதிரி. பிறகு, முப்பத்தெட்டு அங்குல இடுப்பையும் ஒரு ஆயுளின் கொள்கையையும் மடித்துக்கொண்டு, மேசைக்கடியில் மண்டியிட்டார்.

அங்கே ஒட்டடையும் பல்லி முட்டையும் இருந்தன. செத்த எலியின் வாலைப் பிடிக்கிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் பிளக்கைப் பிடித்தார். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் சேர்த்து ஒரே பிளக். பலமாக இருமினார். பொங்கலிலிருந்து ஓடிக்கொண்டிருந்த காற்றாடியின் சத்தம் நின்றது.

“என்ன, நிண்டிட்டுதோ?” என்றார் தம்பு, தேநீர்க் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி.

நானும் இருமினேன். சமையலறை வானொலியின் குமிழைத் திருகிச் சத்தம் கூட்டினேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, “கிள்ளான்ல உங்க வீடு எந்தப் பக்கம், ஆன்டி?” என்று சீதாலெட்சுமி அம்மாளைக் கேட்டேன். கிள்ளான்காரர்களிடம் இதைக் கேட்டுவிட்டால் போதும். பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதிலிருந்து தொடங்கினார்.

திரை இடுக்கில் பார்த்தேன். மேசைக்கடியில் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பிளக் திரும்பப் போயிற்று. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்னக் கூவல். அதன்மேல் இன்னொரு இருமல். ஒழுங்காக அணைக்கவில்லையே என்று கம்ப்யூட்டர் திரை நிறையத் திட்டியது. கன்னையா நின்றுகொண்டு, பிரம்படி வாங்கும் மாணவனைப்போல ஒவ்வொரு வரியையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு பிரிண்டர் தொண்டையைச் செருமியது. உருளை சுற்றியது. பிள்ளையார் பெயர் முதலில் வந்தது, கரையாமல். பின்னாலேயே மணமகள், மணமகன், ஆவணி. ஒன்று விழுந்ததும் அடுத்தது. காலையிலிருந்து புனிதவதி தட்டிய தட்டெல்லாம் வரிசையாக வெளியே வந்தது.

கன்னையா முழங்காலில் இருந்த ஒட்டடையைத் தட்டினார். கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் சரி செய்துகொண்டு, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:

“எல்லாரும் வரலாம். யோசிச்சுட்டேன்.”